பாடியவர் பெயர்

கிரிமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு,
தெமோதரை.
12.06.2005

அன்புத் தம்பி பார்த்தீபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் இருக்கிறபடி இருக்கிறோம். போன மாதம் போனில் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய். இருமல் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி. கடைச் சோறுதான் தின்கிறாய் என்று தெரியும்.

உன் பாட்டு ரேடியோவில் எட்டு வாரமாக முதலாவதாக வருகிறதாம். போன மாதக் கடைசியில் பண்டாரவளைச் சந்தையில் மரக்கறிக்காரர் ஒருவர் உன் மேடைப் பெயரைச் சொல்லி, "எம்.சி. ஊவாவோட அக்காவா நீங்க?" என்று கேட்டு, கோவாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பா அம்மா இல்லாத பிள்ளையைப் பதினெட்டு வயதில் கொழும்புப் புடவைக் கடைக்கு அனுப்பினேனே என்று எத்தனை நாள் அழுதிருப்பேன். அன்று அந்தக் கோவாவைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது. விதுஷா இருந்திருந்தால் "எங்க மாமா பாட்டு" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாள். என் பிள்ளைக்கு இந்த வருஷம் பதினொன்று நடந்திருக்கும்.

ஆனால் தம்பி, ஊரெல்லாம் கேட்ட பாட்டை நான் மட்டும் இன்னும் கேட்கவில்லை. ரேடியோவில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறார் உன் மச்சான். புது பேட்டரி வாங்கி வந்து போட்டேன். இரண்டு நாளில் அதையும் காணோம். கேட்டால், "டோர்ச்சுக்குப் போட்டேன்" என்கிறார். நம் டோர்ச்சுக்கு அந்தப் பெரிய பேட்டரி பொருந்தாது. நான் லயத்து வீட்டு வரிசையில் நடந்தால் ஒவ்வொரு காம்பராவாக ரேடியோச் சத்தம் குறைகிறது.

ஐந்தாம் திகதி சிவஞானம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் பின்னால் அடுப்படியில் பருப்புக் கிளறிக்கொண்டிருந்தேன். முன்னால் பையன்கள் உன் பாட்டைப் போட்டார்கள் போல. மேளம் இரண்டு அடி கேட்டது, உடனே நின்றுவிட்டது. அங்கம்மா அக்கா போய் வயரைப் பிடுங்கிவிட்டாளாம். "ஏன்க்கா?" என்று கேட்டேன். "பல்லு வலிடி, சத்தம் ஆகல" என்றாள். அவளுக்குப் பல் விழுந்து ஆறு வருஷமாகிறது.

பாட்டில் ஏதும் கெட்ட வார்த்தை வைத்திருக்கிறாயா? இருந்தாலும் பரவாயில்லை, ஏசமாட்டேன். ஒரு கேசட்டில் பிடித்து அனுப்பு.

உன் அக்கா,
ஜெயா

*

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
24.06.2005

என் அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது. பாட்டில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

இங்கே நடப்பதை எழுதினால் நம்பமாட்டீர்கள். பத்தாவது வாரமும் முதலிடம். பஸ்ஸில் ஏறினால் என் பாட்டு, இறங்கினால் ஆட்டோவில் என் பாட்டு. போன் மணிக்குப் பதிலாகவும் அதைத்தான் வைக்கிறார்கள். பத்திரிகையில் அரைப் பக்கம் படம் போட்டார்கள். தொப்பியைத் திருப்பிப் போட்டிருப்பதால் மச்சானுக்குப் பிடிக்காது. தமிழில் ராப் போட்டால் நாலு கேம்பஸ் பையன்களைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்ன கம்பெனிக்காரர்கள் இப்போது என்னை "சேர்" என்கிறார்கள். அடுத்து லண்டனிலும் டொரொண்டோவிலும் வெளியிடப் போகிறார்கள்.

சீடி எல்லாம் விற்றுப்போய்விட்டது. அடுத்தது அடித்ததும் அனுப்புகிறேன். எப்படியும் நம் வீட்டில் சீடி போடும் பெட்டி இல்லையே.

இதனுடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காகக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் உங்கள் கையெழுத்தை மட்டும் போடுங்கள். மற்ற இடங்களை நான் இங்கே நிரப்பிக்கொள்கிறேன். ஜூலை 31க்கு முன்னால் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் எல்லாம் கெட்டுவிடும். மச்சானிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அவருக்கு என்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது.

உங்கள் தம்பி,
பார்த்தீபன்

*

தெமோதரை.
10.07.2005

தம்பி பார்த்தீபனுக்கு,

படிவம் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம் இருக்கிறது. வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் சனிக்கிழமை பண்டாரவளைக்குப் போய், எனக்கு ஓ-லெவலுக்குப் படிப்பித்த பரமலிங்கம் மாஸ்டரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அவர் பேச்சு மாறவில்லை.

"பிள்ளை, இதை ஆர் உமக்குத் தந்தது?"

"தம்பிதான் சேர்."

"இதிலை பாடியவர் பெயர் எண்டு கிடக்கு. அதுக்குக் கீழைதான் உம்மைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கு. உம்மடை குரலை எந்த விளம்பரத்துக்கும், எந்த நாட்டிலையும், எவ்வளவு காலத்துக்கும் பாவிக்கலாமாம். நீர் எப்ப பாடினனீர்?"

நான் சிரித்தேன். "தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில வேலைக்காரங்க பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டும்போது பாடுவேன் சேர், அதைப் பிடிச்சிட்டானோ என்னவோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, "பாட்டைக் கேட்டனீரோ?" என்றார். இல்லை என்றேன். "கேட்டுப்போட்டு வாரும்" என்றார்.

தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஜெனீராவின் கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். உன் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"அந்தப் பாட்டைப் போடு ஜெனீரா."

"வாணாம் ஜெயா. என்னெயப் போடச் செல்லாதீங்க."

"போடு."

போட்டாள். போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் மேளம். பிறகு நீ வேகவேகமாகப் பேசுகிறாய். பிறகு ஒரு பொம்பளை. கிளி கத்துவதுபோல மெல்லிய, அவசரமான குரல். யாரோ என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை அவள் "லொறி வரலயே" என்றபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

நடந்ததை உனக்கு ஒருமுறை எழுதுகிறேன். நீ அங்கே இல்லை. 2001 டிசம்பர் 12. காலை ஆறரைக்குப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சலில் இழுக்கிறது, தோட்டத்து லொறி வேண்டும் என்று சொன்னோம். கொழுந்தை இறக்கிவிட்டு வரும் என்றார்கள். வந்தது பன்னிரண்டு ஐம்பதுக்கு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஹாலிஎல தாண்டுமுன் என் மடியில் வைத்துப் பிள்ளை அடங்கிவிட்டது. மறுநாள் எடுத்தோம். ஒஹியாவில் மண் சரிந்து ரயில் இல்லை, பெரகலையில் ரோட்டும் இல்லை என்று நீ போன் செய்தாய். அதனால் நம் வழக்கப்படி, வர முடியாத உறவுக்கு அனுப்புவதுபோல, நாங்கள் அழுததைக் கேசட்டில் பிடித்து உனக்கு அனுப்பினோம். அப்பா செத்தபோதும் திருச்சிக்குப் போய்விட்ட சித்தப்பாவுக்கு அப்படித்தான் அனுப்பினோம். கேட்டு அழுதுவிட்டுத் தலை முழுகு, பிறகு போடாதே என்று உறையில் எழுதியிருந்தேன். கேதம் இல்லாத வீட்டில் அந்த அழுகை கேட்கக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா?

காலையில சொன்னேனே என் கண்ணே, லொறி வரலயே
கண்ணு சொருகயிலும் என் கண்ணே, லொறி வரலயே

இதுக்குக் கையைத் தூக்கி ஆடுகிறார்கள் தம்பி. கல்யாணத்தில் ஆடத்தான் அந்தப் பையன்கள் போட்டார்கள். நேற்று அங்கம்மா அக்காவைப் பிடித்துக் கேட்டேன். "அடியே, அது நீ அழுததுடி. அன்னிக்கு ஒன்னயப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தவ நானு. எனக்குத் தெரியாதா? ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று அழுதாள். லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

எப்படிச் செய்தாய் என்று எழுது. போனில் வராதே. போனில் நீ சிரித்தே தப்பிவிடுவாய்.

அக்கா

*

கொழும்பு 13.
18.07.2005

அக்கா,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

கேசட் வந்ததும் நான் அதைப் போடவில்லை. பயம். இரண்டு வருஷம் பெட்டியின் அடியில் கிடந்தது. 2004 பெப்ரவரியில் ஒரு போயா நாள், கடை லீவு. என்னோடு அறையில் இருக்கும் சுரேஸ்தான் பாட்டுக்கு மியூசிக் போடுகிறவன். அவன் இருக்கும்போதுதான் போட்டுக் கேட்டேன். தனியாகக் கேட்க முடியவில்லை. அழுதேன். பின்னால் போய்க் குழாயடியில் தலை முழுகினேன். அதைச் சத்தியமாகச் செய்தேன் அக்கா. திரும்பி வந்தபோது சுரேஸ் கேசட்டைத் திருப்பிப் போட்டு விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். "மச்சான், இவங்க தாளம் தப்பாம அழுறாங்கடா" என்றான். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. உட்கார்ந்து நானும் கேட்டேன். தப்பவில்லை.

நான் எழுதிய பாட்டு வேறு. மூன்று சரணம். பெரட்டில் நீங்கள் நின்றது, கொழுந்து முதலில் போனது, ஹாலிஎல வளைவு எல்லாம் அதில் இருந்தது. உங்கள் அழுகை கடைசியில் ஒரே ஒரு தடவைதான் வரும், உங்கள் குரலிலேயே. கம்பெனியில் கேட்டுவிட்டு இரண்டு சரணத்தை எடுக்கச் சொன்னார்கள். பாரமாக இருக்கிறதாம். அழுகையின் வேகத்தைக் கூட்டி எட்டுத் தடவை போட்டார்கள். நான் அந்த அறையிலேதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் பாட்டே வராது. யாருக்கும் குரல் யாருடையது என்று தெரியாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மச்சான் முதல் வாரமே போன் எடுத்து, "அவ காதுல விழுந்துச்சுன்னா நீ எனக்கு மச்சான் இல்ல" என்றார். அதற்குப் பிறகும் உங்களுக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாகன லீசிங் கம்பெனி ஒன்று அந்த வரியை ரேடியோ விளம்பரத்துக்குக் கேட்கிறது. "லொறி வரலயே" என்று வரும். அதற்குப் பதிலாக ஒருவர், "வந்தாச்சு! இனிக் காத்திருக்க வேண்டாம்" என்பார். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் விளம்பரமும் இல்லை, லண்டனும் இல்லை. அடுத்த பாட்டை எவனும் தொடமாட்டான். இருபத்தைந்து வயதில் திரும்பவும் புடவைக் கடையில் துணி மடிக்க வேண்டும்.

சீடி உறையில் விதுஷாவின் பெயரைப் போட்டு, அவளுக்காக என்று எழுதச் சொல்கிறேன். கம்பெனி சம்மதிக்கும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். 31ஆம் திகதி கடைசி நாள்.

பார்த்தீபன்

*

தெமோதரை.
25.07.2005

தம்பி,

பிள்ளையின் பெயரைப் போடாதே. இதுவரைக்கும் அந்தப் பாட்டில் நான்தான் இருக்கிறேன். அவள் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அங்கம்மா அக்காவின் தம்பி இறந்துபோனார். கேத வீட்டுக்குப் போனேன். கட்டிப்பிடித்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன். உன் மேளம்தான் வந்தது. என் அழுகைக்கு முன்னால் மேளம் வந்து நிற்கிறது. சுற்றி இருந்த பொம்பளைகள் என் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்கும் அதுதான் கேட்டிருக்கும். அழாமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கம்மா அக்கா என் பிள்ளைக்கு அழுதவள். அவள் தம்பிக்கு நான் அழவில்லை.

படிவத்தைப் பார்த்துவிட்டு உன் மச்சான் ஒரே வார்த்தைதான் சொன்னார். "கிழிச்சுப் போடு." நான் கிழிக்கவில்லை. உன் பிழைப்பை என் கையால் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு வயதிலிருந்து உனக்குச் சோறு போட்ட கை.

கையெழுத்துப் போட்டு இதனுடன் அனுப்புகிறேன். நீ நிரப்பிக்கொள்வதாகச் சொன்ன இடத்தை நானே நிரப்பிவிட்டேன். பாடியவர் பெயர் என்ற இடத்தில் தமிழில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நான் பாடவில்லை. இது என் பிள்ளை செத்த அன்று நான் அழுதது. அ. ஜெயலெட்சுமி."

கொடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதானால், வாங்குகிறவருக்கு அந்த இரண்டு வரியை வாசித்துச் சொல். அவ்வளவுதான் நான் கேட்பது. கேட்ட பிறகும் அவர்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாமென்றால் நீ இங்கே வா. கடை வைக்க ஏதாவது வழி செய்வோம். பதுளையிலும் புடவைக் கடை இருக்கிறது.

உன் அக்கா,
ஜெயா

*

கொழும்பு 13.
05.08.2005

அன்புள்ள அக்கா,

ஜூலை 29, வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். ஐந்தாம் மாடி. உங்கள் இரண்டு வரியையும் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். நான் வாசிக்கத்தான் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

படிவங்களைப் பார்க்கும் அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. வயது ஐம்பது இருக்கும். மரியாதையானவர். எனக்குத் தேநீர் வரவழைத்தார். அவருடைய மகனின் போனிலும் என் பாட்டுத்தானாம். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். பிறகு நீங்கள் எழுதியதன்மேல் பேனாவை வைத்து, "இது என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"முகவரி" என்றேன்.

"இவ்வளவு நீளமா?"

"தோட்டத்து முகவரி மேடம். தோட்டம், பிரிவு, லயம், காம்பரா எல்லாம் எழுத வேண்டும்."

அவர் சிரித்தார். பாவம், தபால்காரன் என்றார். முத்திரை குத்தினார்.

அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் படிவத்தை என் கையில் திருப்பித் தந்திருப்பாரோ என்னவோ. அந்தப் பயம்தான். தேநீர் பாதி குடித்தபடி இருந்தது. மீதியையும் குடித்துவிட்டு வந்தேன்.

உங்களிடமாவது இனிப் பொய் சொல்லக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். விளம்பரம் அடுத்த மாதம் தொடங்கும். உங்கள் பங்கென்று கம்பெனி கொடுத்த காசோலையை இதனுடன் வைத்திருக்கிறேன். நான் அதில் கை வைக்கவில்லை.

ஏசி எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள்.

உங்கள் தம்பி,
பார்த்தீபன்

*

கிரிமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு,
தெமோதரை.
28.11.2005

திரு. பார்த்தீபன் அவர்களுக்கு,

ஆகஸ்டில் எழுதிய கடிதமும், பிறகு எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. காசோலையை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரெஜிஸ்டர் தபாலில் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரம் காலை ஆறு இருபத்தைந்துக்கு வருகிறது. பெரட்டுக்கு ஆட்கள் போகும் நேரம். இப்போது என்னைக் கண்டு யாரும் ரேடியோவைக் குறைப்பதில்லை. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குறைப்பார்கள். பிள்ளைக் காம்பராவில் பால் கொடுக்க நேரமானால் சின்னப் பிள்ளைகள் கப்பைத் தட்டி, "பாலு வரலயே" என்று பாடுகிறார்கள். நான் ஏசுவதில்லை. பால் ஊற்றுகிறேன்.

ஏசி எழுதச் சொன்னீர்கள். ஏச ஒன்றும் இல்லை. என்னிடம் உண்மையைச் சொன்னீர்கள். எனக்குத்தான் அது முன்பே தெரியுமே. தெரியாதவருக்குச் சொல்லத்தான் அனுப்பினேன்.

டிசம்பர் 12ஆம் திகதி, திங்கட்கிழமை, விதுஷாவுக்கு நாலாம் வருஷம். பகல் பன்னிரண்டு ஐம்பதுக்குப் படைக்கிறோம். லயத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. பரமலிங்கம் மாஸ்டருக்கும் ஜெனீராவுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அ. ஜெயலெட்சுமி